ரேஸ் வீக்கெண்டில் எல்லாமே சொதப்பினால்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஓடிக்கிட்டே இதைக் கேட்டுக்கிட்டு இருக்கறவங்களே, மூச்சு வாங்கினா கொஞ்சம் மெதுவாப் போங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.

இன்னிக்கு ரேஸ் வீக்கெண்ட் பத்திப் பேசலாம். மூணு நாலு மாசமா காலையில நாலரைக்கு அலாரம் வச்சு எழுந்திருக்கோம். கல்யாண வீட்டுல கூட ரெண்டாவது ஜாங்கிரி வேணாம்னு சொல்லியிருக்கோம். அவ்வளவும் ஒரு சனி ஞாயிறுக்காக. அந்த ரெண்டு நாள்ல பார்த்து வண்டி வராது, மழை கொட்டும், வயிறு கலங்கும், ஷூ கிழியும். பக்கத்துல நிக்கிற ஒருத்தர் "பாசிட்டிவா இரு மச்சான்"னு தோள்ல தட்டிட்டுப் போவார். அந்த நேரத்துல அதைவிடக் கடுப்பேத்துற வார்த்தை உலகத்துலயே கிடையாது.

அப்படீன்னா நம்பிக்கையோட இருக்கறதுன்னா உண்மையில என்ன? அதைத்தான் பேசப்போறோம். நம்ம புதுக்கோட்டைக்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்.

ஜகார்த்தா, ஞாயிற்றுக்கிழமை

கோவிந்தன் லட்சுமணன். ராணுவ வீரர். 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்கினவர். அடுத்த வருஷம் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 2018 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை, 10,000 மீட்டர் ஓட்டம். நானூறு மீட்டர் தடத்தை 25 சுற்று சுத்தணும். லட்சுமணன் 29 நிமிடம் 44.91 விநாடியில் மூணாவதா வந்தார். வெண்கலம். இந்தப் பந்தயத்துல இந்திய ஆண்களுக்குக் கடைசியா பதக்கம் கிடைச்சது 1998-ல், குலாப் சந்த் வாங்கின வெண்கலம். இருபது வருஷக் காத்திருப்பு முடிஞ்சதுன்னு எல்லாரும் கொண்டாடினாங்க.

கொஞ்ச நேரத்துல அறிவிப்பு வந்துச்சு: தகுதி நீக்கம். ஓடும்போது ஒரு இடத்துல அவரோட கால் தடத்தின் உள்பக்க எல்லையைத் தாண்டி வெளியே போயிருந்தது. இந்தியத் தரப்பு முறையீடு செஞ்சது, எடுபடல. வெண்கலம் நாலாவதா வந்தவருக்குப் போச்சு.

இது என்ன விதின்னு கேக்கலாம். தடகள ஓடுதளத்துல 400 மீட்டர்ங்கிற அளவு, உள்பக்க விளிம்புக்கட்டையில இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி எடுக்கற அளவு. அதுக்கும் உள்ளே வளைவுல கால் வச்சா தூரம் குறையும். அதனால விதி கறாரா இருக்கு. அதுல நியாயம் இருக்கு. ஆனா 25 சுற்று ஓடி முடிச்ச ஒரு மனுஷனுக்கு அந்த நியாயம் எப்படி இருந்திருக்கும்?

அவர் அடுத்து என்ன செஞ்சார்னு கடைசியில சொல்றேன். நடுவுல நாம பேச வேண்டியது இருக்கு.

நல்லதே நினைச்சா நல்லதே நடக்குமா?

நியூயார்க் பல்கலைக்கழகத்துல கேப்ரியேல் ஓட்டிங்கன்னு ஒரு உளவியல் பேராசிரியர் இருக்காங்க. நல்ல கனவு காண்றதைப் பத்திப் பல வருஷமா ஆராய்ச்சி செஞ்சவங்க. அவங்க கண்டுபிடிச்சது கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருக்கும். ஜெயிச்ச மாதிரி கற்பனையில மிதக்கறது மட்டும் போதாது; பல நேரம் அது நம்ம முயற்சியையே குறைச்சிடுது. மனசு "அதான் கிடைச்சிடுச்சே"ன்னு ஓய்வெடுக்கப் போயிடுது.

அவங்க சொல்ற வழி வேற. ஆசைப்படு. அடுத்து, அதுக்குக் குறுக்கே என்ன வரும்னு நேர்மையா யோசி. அது வந்தா என்ன செய்யறதுன்னு முன்னாடியே ஒரு வாக்கியம் தயார் பண்ணு: "இப்படி ஆச்சுன்னா, நான் இதைச் செய்வேன்." அவ்வளவுதான். "மழை பெஞ்சா, நேரத்தை மறந்துட்டு முடிக்கறதை மட்டும் பார்ப்பேன்." "அஞ்சாவது கிலோமீட்டர்ல வயிறு பிடிச்சா, ரெண்டு நிமிஷம் நடப்பேன்." இதுல எல்லாம் நல்லபடியா நடக்கும்ங்கிற உத்தரவாதம் எங்கயும் இல்ல. எது நடந்தாலும் எனக்குன்னு செய்ய ஒரு வேலை மிச்சம் இருக்கும்ங்கிற உறுதி மட்டும்தான் இருக்கு. நான் நம்பிக்கைன்னு சொல்றது அதைத்தான்.

இழை அறுந்தா

எங்க ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் பக்கம். பெரிய ஏரி இருக்கிற ஊர். அந்த ஏரிக்கரையிலதான் நாங்க ஏழு பேர் ஓடிப் பழகினோம். கல்லூரி படிக்கிற பசங்க, ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க, பட்டு நெய்யற ஒரு அண்ணன்.

போன வருஷம் சென்னையில ஒரு அரை மாரத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றேன்னு சொன்ன வேன் வரல. டிரைவர் போன் ஸ்விட்ச் ஆஃப். மணி ரெண்டரை ஆச்சு. எல்லாருக்கும் முகம் செத்துப்போச்சு. ஒரு தம்பி பிப்பைப் பைக்குள்ள மடிச்சு வச்சுட்டு, "அண்ணே, இனிமே போய்ப் பிரயோஜனம் இல்ல, தூங்கலாம் வாங்க"ன்னான்.

அந்த நெசவுக்கார அண்ணன் சொன்னார்: "ஏம்ப்பா, இழை அறுந்தா தறியை மூடிட்டா போறோம்? முனையைத் தேடு முதல்ல."

பட்டுத்தறியைப் பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்கு இது புரியும். பாவுல ஆயிரக்கணக்குல இழை ஓடும். நெய்யும்போது இழை அறுறது அதிசயமே இல்ல. அறுந்தா நெசவாளி நிறுத்துவார், அறுந்த முனையைத் தேடிப் பிடிப்பார், முடிச்சுப் போடுவார், மறுபடி நாடா ஓடும். அறுந்ததை அறுந்ததில்லன்னு யாரும் சொல்றதில்ல. அப்படி விட்டா புடவையில கோடு விழும். அதே சமயம் ஒரு இழைக்காக மொத்தப் பாவையும் வெட்டி எறியறதும் இல்ல.

எங்களுக்கு முனை எங்க கிடைச்சது தெரியுமா? எங்கள்ல ஒருத்தனோட மாமா ராத்திரி கோயம்பேட்டுக்குக் கீரை ஏத்திட்டுப் போவார். அவருக்குப் போன் போட்டோம். ஏழு பேரும் கீரைக்கட்டுக்கு நடுவுல உக்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். ரேஸ் தொடங்க பத்து நிமிஷம் இருந்துச்சு. வார்ம்-அப் கிடையாது, எங்க மேல முழுக்கக் கொத்தமல்லி வாசனை. ஆனா ஸ்டார்ட் கோட்டுல நின்னோம்.

ஓடும்போது கவுந்தா

2018 ஏப்ரல் பாஸ்டன் மாரத்தான். கொட்டுற மழை, எதிர்க்காத்து, உறையற குளிர். முன்னணி வீரர்கள் பலர் பாதியிலேயே விலகிட்டாங்க. அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டனுக்கும் ஆரம்பத்துலயே உடம்பு ஒத்துழைக்கல. இன்னிக்கு முடிக்க மாட்டேன்னு அவங்களுக்கே தோணிடுச்சு. பக்கத்துல ஓடின ஷலேன் ஃபிளானகன்கிட்ட, உனக்கு ஏதாவது உதவி வேணும்னா சொல்லுன்னு சொன்னாங்க. ஃபிளானகன் நடுவுல கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. லிண்டன் வேகத்தைக் குறைச்சு, அவங்க வர்ற வரைக்கும் காத்திருந்து, மறுபடி முன்னணிக் கூட்டத்துல சேரக் கூட ஓடினாங்க.

அன்னிக்குப் பெண்கள்ல ஜெயிச்சது அந்த லிண்டன்தான். 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. 1985-க்கு அப்புறம் பாஸ்டன்ல ஜெயிச்ச முதல் அமெரிக்கப் பெண். நல்ல மனசுக்குப் பரிசு கிடைச்சதுன்னு இதைப் படிக்க வேணாம். உதவி செஞ்சவங்க எல்லாரும் ஜெயிக்கறதில்ல. நான் பார்க்கிறது வேற. தன்னோட ரேஸ் போச்சுன்னு நினைச்ச நேரத்துல, தன்னால இப்போ யாருக்கு என்ன செய்ய முடியும்னு அவங்க தேடினாங்க. அந்த வேலை அவங்களை இன்னும் கொஞ்ச தூரம் பந்தயத்துக்குள்ளயே வச்சிருந்தது.

ஆண்கள்ல ஜெயிச்சது ஜப்பானோட யூகி கவாவுச்சி. அப்போ அவர் முழுநேர அரசு ஊழியர். ஆபீஸ் வேலையும் பார்த்துக்கிட்டு ஓடினவர். எல்லாரும் நொந்த அந்த வானிலை தனக்கு ரொம்பச் சாதகமா இருந்துச்சுன்னு சொன்னார். மழை எல்லாருக்கும் ஒரே மழைதான்.

ரேஸே ரத்தானா?

2012 நவம்பர். சாண்டி புயல் நியூயார்க்கைப் புரட்டிப் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாரத்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ரத்துன்னு அறிவிச்சாங்க. உலகம் பூரா இருந்து வந்து இறங்கினவங்க ஹோட்டல்ல உக்கார்ந்திருந்தாங்க. அதுல நிறைய பேர் ஞாயிறு காலையில முதுகுப்பையில பொருள்களை நிரப்பிக்கிட்டு, படகு ஏறி ஸ்டேட்டன் தீவுக்குப் போனாங்க. புயல்ல அடிபட்ட வீடுகளைச் சுத்தம் செய்ய உதவினாங்க. 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். சில வாரம் ரேஸைவிடப் பெரிய வேலை ஊருக்குள்ள இருக்கும்.

எப்போ நிறுத்தணும்?

இதைச் சொல்லாம விட்டா இந்த எபிசோடே தப்பாப் போயிடும்.

எங்க பக்கம் குழித்தறி உண்டு. குழிக்குள்ள காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதிச்சு நெய்யறது. ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தக் குழியில தண்ணி ஊறும். அன்னிக்குத் தறி ஓடாது. எந்த நெசவாளியும் பாசிட்டிவா நினைச்சுக்கிட்டுத் தண்ணியில காலை விட்டு நெய்ய மாட்டார். குழி காயட்டும்னு காத்திருப்பார்.

நெஞ்சுவலி, கண் இருட்டறது, தலைசுத்தல், எங்க இருக்கோம்னே குழப்பம், வெயில்ல திடீர்னு குளிர் நடுக்கம், கால் ஊன முடியாத வலி. இதுல எது வந்தாலும் நிறுத்துங்க. பக்கத்துல இருக்கிற தன்னார்வலரைக் கூப்பிடுங்க, மருத்துவ முகாமுக்குப் போங்க. "கோழையாயிட்டோமோ"ன்னு தோணும். தோணட்டும். நிறுத்தறதும் "இப்படி ஆச்சுன்னா இதைச் செய்வேன்" பட்டியல்ல ஒண்ணா இருக்கணும். முடிஞ்சா முதல் வரியா எழுதி வைங்க.

கணக்குல வராத ஓட்டம்

எங்க குழுவுல ஒரு தங்கச்சி. அவளுக்கு அது முதல் அரை மாரத்தான். ஒன்பதாவது கிலோமீட்டர்ல ஷூவோட அடிப்பாகம் வாயைப் பிளந்துடுச்சு. தலையில போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழட்டிச் சுத்திக் கட்டினா. ஓடி, நடந்து, ஓடி, முடிச்சா. சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு. பட்டியல்ல அவ பேரே இல்ல. சிப் எங்கயும் பதிவாகல. மெயில் அனுப்பினோம், பதில் வரல.

"அண்ணா, இப்போ நான் ஓடினதா, ஓடலையா?"ன்னு கேட்டா.

எனக்குச் சட்டுன்னு பதில் வரல. பட்டியல் முக்கியம் இல்லன்னு சொல்லலாம். ஆனா அது பொய். பேர் வரணும்னு அவ ஆசைப்பட்டா, அது நியாயமான ஆசை. அதனால முதல்ல, "ஆமாடா, இது கஷ்டம்தான்"னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அவ அழுதா. அழ வேண்டிய விஷயத்துக்கு அழறதை நம்பிக்கையில்லாத்தனம்னு நான் எண்ணல.

அப்புறம் லட்சுமணன் கதையை மிச்சமும் சொன்னேன். வெண்கலம் கைவிட்டுப் போன அதே ஜகார்த்தாவுல, அவர் 5,000 மீட்டருக்கும் ஸ்டார்ட் கோட்டுல வந்து நின்னார். பதக்கம் கிடைக்கல. சினிமாவா இருந்தா தங்கம் கிடைச்சிருக்கும், நிஜத்துல கிடைக்கல. ஆனா ஓடினார். ஊர் திரும்பினதும் மத்திய விளையாட்டு அமைச்சகம் அவரைப் பாராட்டி 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. சில வருஷம் கழிச்சு, 2021-ல், அந்த விதியையும் கொஞ்சம் தளர்த்தினாங்க: யாருக்கும் இடைஞ்சல் இல்லாம வளைவுல ஒரே ஒரு தடவை கோட்டை மிதிச்சா தகுதி நீக்கம் கிடையாது. அதனால பழைய முடிவு எதுவும் மாறல. 2023-ல் ஹாங்சோவில் இதே 10,000 மீட்டர்ல கார்த்திக் குமார் வெள்ளி, குல்வீர் சிங் வெண்கலம் வாங்கினாங்க. பதிவேட்டுல 1998-க்கு அப்புறம் 2023. நடுவுல 2018 இல்ல. ஆனா அன்னிக்கு அந்த 25 சுற்றை ஓடினது யாருன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும்.

தங்கச்சி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அடுத்த ரேஸ் எப்போண்ணா?"ன்னு கேட்டா. புது ஷூ வாங்கின பிறகு சொல்றேன்னு சொன்னேன்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த ரேஸுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை ராத்திரி, போன்ல மூணு வரி டைப் பண்ணுங்க. ஒண்ணு, உடம்பு சொன்னா எங்க நிறுத்துவேன். ரெண்டு, போய்ச் சேர வண்டி இல்லன்னா யாருக்குப் போன் பண்ணுவேன். மூணு, நினைச்ச நேரம் கைவிட்டுப் போனா அந்த மிச்ச தூரத்தை எதுக்காக ஓடுவேன். மூணாவது வரியைக் கொஞ்சம் யோசிச்சு எழுதுங்க, அதுதான் கஷ்டமான வரி. எழுதினதை எங்களுக்கும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா நாலஞ்சு எடுத்து அடுத்த வாரம் போடறோம்.

தண்ணி குடிங்க. ஷூவை சனிக்கிழமையே ஒரு தடவை திருப்பிப் பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.