காரில் ஒலித்த பழைய பாட்டு

1970களின் கடைசியில் கிஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு மேடையேறினால் கிதாரிலிருந்து புகை கிளம்பும், தீப்பொறி பறக்கும். அந்தக் கிதார்களை வடிவமைத்தவர் ஜான் எல்டர் ராபிசன். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். மின்சுற்று எதுவானாலும் அவருக்கு அத்துப்படி. எதிரே நிற்பவர் முகத்தில் ஓடும் உணர்ச்சி மட்டும் பிடிபடாது. தமக்கு ஆட்டிசம் இருப்பதே நாற்பது வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது.

2008இல், பாஸ்டன் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நரம்பியலாளர் அல்வாரோ பாஸ்குவல் லியோன் குழுவினர் நடத்திய ஆய்வில் அவர் சேர்ந்தார். டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டலைப் பற்றிய ஆய்வு அது. கத்தி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. எட்டு வடிவக் கம்பிச்சுருளைத் தலையில் வைத்து நொடிப்பொழுது மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதில் பிறக்கும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டிப்போய், உள்ளே இருக்கும் நரம்புச் செல்களில் மின்னோட்டத்தை எழுப்பும். 1831இல் இயற்பியலாளர் ஃபாரடே கண்ட விதிதான். அதை மூளைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர அந்தோனி பார்க்கர், 1985இல். ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டக், டக்’ என்று சத்தம், தலையில் யாரோ சுண்டுவதுபோல ஓர் உணர்வு. காதுக்கு அடைப்பான் உண்டு, பயப்படாதீர்கள்!

ஓர் அமர்வு முடிந்து வீடு திரும்பும் வழியில், ராபிசன் காரில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அன்றைக்கோ பாடகர்கள் பக்கத்திலேயே நிற்பதுபோல், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் துலங்கியது. கண்ணீர் வழிய வழியக் கேட்டார். அடுத்த நாள்களில் மற்றவர்களின் கண்ணில் இருப்பதும் அவருக்குப் புரியத் தொடங்கியது.

புரிந்ததெல்லாம் இனிக்கவில்லை. நட்புச் சிரிப்பு என்று நம்பிய சில பழைய சிரிப்புகளில் கேலி இருந்ததும் புரிந்தது. மனச்சோர்வில் இருந்த மனைவியின் துயரம், முன்பு அவரை அசைக்காதது, இப்போது அப்படியே தாக்கியது. அந்த மணவாழ்க்கை முறிந்தது. 2016இல் வெளிவந்த ‘ஸ்விட்ச்டு ஆன்’ நூலில் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தூண்டல் தந்த விளைவின் தீவிரம் நாளடைவில் தணிந்தும் போனது.

அப்படியென்றால் நம் பிள்ளைக்கும் கொடுக்கலாமே என்று கேட்கும் பெற்றோர் உண்டு. டொரன்டோவில் ஸ்டெஃபனி அமைஸ் குழு இந்தத் தூண்டலைச் சோதித்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. 16 முதல் 35 வயது வரையிலான ஆட்டிச நிலையாளர்கள் 40 பேர், ஆளுக்கு 20 அமர்வுகள். பார்க்க விரும்பியது திட்டமிடல், நினைவில் வைத்துச் செயல்படுதல் போன்ற திறன்களை. சிலருக்கு உண்மைத் தூண்டல், மற்றவர்களுக்குச் சத்தம் மட்டும் வரும் போலித் தூண்டல். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மொத்தத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ராபிசனின் அனுபவம் பொய்யல்ல. ஆனால் ஒருவரின் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் மருந்து எழுத முடியாது.

மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். கருவியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் அனுமதித்தது, ஆட்டிசத்துக்கு அனுமதி தரவில்லை. ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது அதிகம். இந்தத் தூண்டலோ அரிதாக வலிப்பைக் கிளப்பக்கூடியது. ஆகவே பெற்றோரே, யாராவது ‘இத்தனை அமர்வு, இவ்வளவு கட்டணம்’ என்று பேரம் பேசினால், போலித் தூண்டலோடு ஒப்பிட்ட ஆய்வைக் காட்டச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளையாக இருந்தால், அவருக்கு இது வேண்டுமா என்று முதலில் அவரையே கேளுங்கள்.