தரையிலும் விழிப்பு வேண்டும்

விமானம் தரையைத் தொட்டதும் பயணம் முடிந்ததெனக் கருதி நாம் பெருமூச்சு விடுகிறோம். ஆயினும், அது தன் நிறுத்துமிடத்தை அடையும் வரையில் அபாயம் முற்றும் நீங்குவதில்லை.

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி இரவு, நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வந்திறங்கிய சிறு விமானமொன்று தன் நிறுத்துமிடத்திற்குச் செல்லும் வழியில் காத்து நின்றது. அதன் வால் பின்புறத்து ஓடுவழியில் நீட்டிக்கொண்டிருந்தது. புறப்படுவதற்காக அவ்வழியே ஊர்ந்து வந்த ஏர்பஸ் ஏ-380 விமானத்தின் இறக்கை நுனி அவ்வாலில் மோதிற்று. சிறு விமானம் சுழற்றித் தள்ளப்பட்டது. நல்வினைப் பயனாக எவருக்கும் காயமில்லை.

இவ்வாறு நேர்வதேன்? அப்பெரிய விமானத்தின் அகலம், இறக்கையின் நுனிக்கு நுனி, ஏறத்தாழ 80 மீட்டர். விமானியின் அறையிலிருந்து அந்நுனிகள் எளிதில் புலப்படா. தரையில் தீட்டிய கோடு முன்சக்கரத்துக்கு வழிகாட்டுமேயன்றி, பக்கத்து விமானம் முழுதும் ஒதுங்கிவிட்டதா என்று உரைக்காது. எனவேதான், அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல், இறக்கை நுனிகளைக் காட்டும் காமிரா போன்ற சாதனங்கள் பெரிய விமானங்களுக்கு வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

நிறுத்துமிடத்திலோ, விமானியின் கண்ணாக நிற்பவர் தரையிலுள்ள வழிகாட்டி ஊழியரே. அவர் கைக்கோல்களைத் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தால் விமானம் நின்றாக வேண்டும்.

வாயிலருகே விமானம் தயங்கி நிற்கையில் நாம் பொறுமையிழந்து எழுந்துவிடுகிறோம். அத்தயக்கம் வீண் தாமதமன்று. பல உயிர்களைக் கருதிய நிதானம். திடீரென விமானத்தை நிறுத்த நேர்ந்தால், எழுந்து நிற்பவரே முதலில் வீழ்வார். ஆதலின், விளக்கு அணையும் வரையில் இருக்கை வாரை அவிழ்க்காது அமர்ந்திருப்போமாக.