இரவு முறை வேலையும் பகல் உறக்கமும்

இரவு முறை வேலை முடித்து வந்தவர் காலை பத்து மணிக்குப் படுத்திருந்தால், "விடிந்த பிறகு என்ன தூக்கம்?" என்று கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்பது சரிதானா என்று இன்று சிந்திப்போம்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு விடியற்காலை வேலை புதிதல்ல. குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். அதனால் நம் பெற்றோர் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போனார்கள். ஆனால் முன்னிரவிலேயே படுத்தும்விட்டார்கள்.

செம்பனை ஆலை வேலை வேறு விதம். மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டில். வெட்டிய குலையைப் போட்டு வைத்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். ஒரு நாளுக்குள் அவித்துப் பிழிவதே நல்லது. ஆகவே விளைச்சல் மிகுந்த மாதங்களில் ஆலை இரவிலும் ஓடுகிறது.

நம் மூளைக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டே அது பகலையும் இரவையும் அறிகிறது. இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்கள் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வேலை நேரம் மாறியதும் இந்தக் கடிகாரம் உடனே மாறிவிடாது. பின்னிரவில் கண் சொருகும்; பகலில் படுத்தாலோ சீக்கிரமே விழிப்பு வந்துவிடும். ஏழு மணி நேர உறக்கம் தேவைப்படும் உடம்புக்கு இந்தக் குறை நாளுக்கு நாள் சேரும். இயந்திரத்தின் அருகிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒரு நொடி கண் அயர்ந்தாலும் ஆபத்துதான்.

என்ன செய்யலாம்? முதல் இரவு வேலைக்குப் போகும் நாளில் பிற்பகலில் சற்றுப் படுத்து எழலாம். காப்பி, தேநீரை நள்ளிரவோடு நிறுத்திக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் உறக்கம் அழுத்தினால், இருபது நிமிடம் கண்ணயர்ந்து, தெளிந்த பிறகு வண்டியை எடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அளவாகப் பசியாறிவிட்டு உடனே படுக்கலாம். சன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்தால் வெளிச்சம் வராது. விசிறியின் ஓசையில் வெளிச்சத்தம் அமுங்கும். உறக்கம் போதவில்லையென்றால் மாலையில் இன்னும் ஒருமுறை படுக்கலாம். மதுவை மட்டும் உறக்க மருந்தாக நம்ப வேண்டாம். அது கண்ணை மூட வைத்து, பாதியிலேயே எழுப்பிவிடும்.

மற்றவை குடும்பத்தார் கையில் இருக்கின்றன. பிள்ளைகளை வெளியே விளையாடச் சொல்லலாம். கடைக்குப் போகவும் கட்டணம் கட்டவும் அவரை எழுப்பாமல் இருக்கலாம். பெண்களின் இரவு வேலையைக் கட்டுப்படுத்திய சட்டப் பிரிவு 2023 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. இரவெல்லாம் உழைத்து வரும் தாய் நேரே அடுப்படிக்குப் போனால், அவர் உறங்குவது எப்போது? அந்த வேளைச் சமையலை வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பகலில் உறங்குகிறவர் சோம்பேறி அல்லர். இன்றிரவு அவர் பத்திரமாக வேலை செய்வதற்கு அந்த உறக்கமே துணை. நம் வீட்டில் இப்போது யாராவது அப்படி உறங்கிக்கொண்டிருந்தால், இந்த வானொலியின் ஓசையையும் சற்றே குறைத்து வைப்போம்.