காற்று ஒரு நாள், கரண்டு ஒன்பது நாள்

(தேங்காய்ப்பட்டணத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மழைக்காலம் வரப்போகுது, அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்கன்னு ஊக்குநர் அக்கா சொன்னாங்க. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது நம் வீடுகளில் எது இல்லாமல் தவித்தோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். புத்தகத்தில் படித்தது இதில் கொஞ்சம்தான்.

காற்று அடித்தது ஒரு நாள். ரப்பர் மரங்கள் மடமடவென்று முறிந்து கம்பி மேல் விழுந்தன. வாழை மொத்தமும் சாய்ந்தது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் தெருவுக்கு ஒன்பதாம் நாள் சாயங்காலம்தான் கரண்டு வந்தது. இருட்டுதான் பெரிய கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தோம். இருட்டு ரெண்டு நாளில் பழகிப்போச்சு. முதலில் திண்டாடியது தண்ணீருக்கு.

முற்றத்திலேயே கிணறு. மழையில் தண்ணீர் பொங்கிக் கிடக்குது. ஆனால் எடுக்க வழியில்லை! மோட்டார் வந்த பிறகு கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். கயிறு மாட்டுக்குப் போயிற்று. சில வீட்டில் கிணற்றின் மேல் கம்பிவலை வைத்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள், சாவி எங்கே என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு பாட்டி வீட்டில்தான் கயிறும் வாளியும் இருந்தது. தெருவே அங்கே வரிசையில் நின்றது. "சுவிட்சைப் போட்டுத் தண்ணி பிடிச்சவளுகளுக்கு இப்பம் என் கயிறு வேணுமாக்கும்" என்று பாட்டி சிரித்தாள். இல்லை என்று யாரையும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கயிறும் அறுந்துபோனது.

அதனால் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு குழுவும் தெருவில் ஒரு திறந்த கிணற்றைப் பார்த்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு கப்பி, தடிமனான கயிறு, ரெண்டு வாளி. இதைக் குழுப் பணத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். ஒரு சின்னக் கடனுக்கு வரும் வட்டி கூட இதற்கு ஆகாது. போர்வெல் மட்டும் இருக்கிற வீட்டுக்காரர்கள் எந்தக் கிணற்றுக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும், கரண்டு இருக்கும்போதே, குடம், அண்டா, சருவம் எல்லாவற்றிலும் பிடித்து மூடி வைத்துவிட வேண்டும். குடிக்க மட்டும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டராவது வேண்டும். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர் போடாமல் தொடாதீர்கள். போட்ட பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அடுப்புக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் கேஸ் வந்த பிறகு கொதும்பும் தொண்டும் மழையிலேயே கிடக்குது. ஒரு சாக்கு அளவாவது உள்ளே எடுத்து வையுங்கள். அரிசி, கருவாடு, மரச்சீனிக் கிழங்கு இருந்தால் நாம் பட்டினி கிடக்க மாட்டோம்.

இனி சொல்வது கடலுக்குப் போகிற வீடுகளுக்கு. ஒக்கியில் நம் பக்கத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் எத்தனை வீடு அழுதது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆழ்கடலுக்குப் போனவர்கள் எச்சரிக்கை வரும் முன்னே கரையை விட்டுப் போயிருந்தார்கள். எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்று கரையில் கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பெயர் பலருக்கும் தெரியவில்லை. தேடப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது அந்தக் கணக்குத்தான். பிறகு நிவாரணம் என்று வந்தபோதும் ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் அட்டை, பாஸ்புக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மகனைத் தேடுகிற தாய் அந்த நேரத்தில் காகிதம் தேடுவாளா?

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகத்திலிருந்து என்றைக்குப் போனது, கூடப் போனவர்கள் பெயர், அவர்கள் வீட்டு போன் நம்பர். ஒவ்வொரு தடவை போகும்போதும் எழுத வேண்டும். ஆம்பிளைகள் "இது என்னத்துக்கு" என்று கேட்பார்கள். கேட்கட்டும், நாம் எழுதுவோம். காகிதங்களின் நகலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, எடுத்துக்கொண்டு ஓடத் தோதான இடத்தில் வையுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

போன் டவரும் கொஞ்ச நேரத்தில் நின்றுபோகும். அப்போது நம்பர் எல்லாம் போனுக்குள்ளே இருந்து பயனில்லை, சுவரில் எழுதி ஒட்டுங்கள். செல் போட்ட ஒரு சின்ன ரேடியோ இருந்தால் நாகர்கோவில் வானொலி கேட்கலாம். ரேஷனில் மண்ணெண்ணெய் முன்போல் கிடைப்பதில்லை, அதனால் சோலார் விளக்கு நல்லது. மெழுகுவர்த்தி என்றால் பிள்ளைகள் தூங்கும் பாய் பக்கத்தில் வேண்டாம். ஏடிஎம் வேலை செய்யாது, கையில் ஐநூறு ஆயிரம் சில்லறையாக இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் நின்றதும் பயந்து மருந்தைத் தூர எறிந்துவிடாதீர்கள். ஈர மணல் போட்ட மண்பானைக்குள், தண்ணீர் உள்ளே புகாமல் மூடிய டப்பாவில் குளிர்ச்சியாக வைக்கலாம். எத்தனை நாள் தாங்கும் என்று நர்சம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறோம். கீழே கிடக்கிற கம்பியை, கரண்டு இல்லை என்று நம்பித் தொடக்கூடாது. எந்த நேரமும் விடுவார்கள். அதன் மேல் விழுந்த ஓலையைக் கூட எடுக்க வேண்டாம். 94987 94987 என்ற மின்னகம் நம்பருக்குச் சொல்லுங்கள். காற்று தொடங்கும்போதே வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்கு வெளியேதான் ஓட வேண்டும். அதன் புகைக்கு மணம் இல்லாமலே ஆளைக் கொல்லும் விஷம் உண்டு.

ஆற்றோரத்தில் இருக்கிறவர்களுக்கு அடையாளம் வேறு. பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தார்கள் என்று கேட்டால் அது குழித்துறை வழியாக நம் முகத்துவாரத்துக்குத்தான் வரும். மழை விட்டுவிட்டதே என்று இருந்துவிடக்கூடாது. கடலோர வீடுகளுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வரும். காற்றும் இல்லை, மழையும் இல்லை, திடீரென்று அலை ஏறும். 2024 மே மாதம் அப்படித்தான் வந்தது. அன்றைக்குப் பிள்ளைகளைக் கரைக்கு விடக்கூடாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதியை நேரில் பார்த்தவர்கள் இங்கே உண்டு. கடல் உள்வாங்கினால் பார்க்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு என்று அவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுப் பிரதிநிதியும் எந்தக் கிணறு, கயிறு யார் வீட்டில் இருக்குது என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். பாட்டிக்கு ஒரு புதுக் கயிறு நாங்கள் வாங்கிக் கொடுத்தாச்சு.