ரோடு போட்டது யாரு, கணக்குக் கேக்குறது யாரு?

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலம், கூலி, வன்கொடுமைன்னு பேசவேண்டிய மேடையில இவன் எதுக்கு நாடாளுமன்ற விதிமுறையைத் தூக்கிட்டு வந்தான்னு தோணலாம். டோல்கேட் கார்காரன் பிரச்சனைன்னு நம்ம தோழர்களே சொல்லிக் கேட்டிருக்கேன். அரசு பஸ்ஸும் டோல் கட்டுது, காய்கறி லாரியும் கட்டுது. அந்தக் காசு கடைசியில நம்ம மடியிலதான் கை வைக்குது.

டெல்லி - நொய்டா பறக்கும் சாலையை எடுத்துக்குவோம். 1997இல் நொய்டா ஆணையமும் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமும் அது உருவாக்கிய டோல் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டன. 2001இல் சாலை திறந்தாச்சு. கம்பெனிக்கு வருசத்துக்கு 20 சதம் லாபம் உறுதி என்பது ஒப்பந்தம். ஒரு வருசம் அது வரலேன்னா, குறைஞ்ச தொகையைத் திட்டச் செலவோடு கூட்டிக்குவாங்க. அடுத்த வருசம் அந்தக் கூடின செலவுக்கும் சேத்து 20 சதம். இந்தக் கணக்கு நமக்குப் புதுசா? அறுப்புக் கூலியில எவ்வளவு கழிச்சாலும் பண்ணையார் நோட்டுல அப்பன் வாங்கின கடன் குறையாது, மகன் தலையில ஏறும். கொத்தடிமை முறையை 1976இல் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. 1997இல் அதே நோட்டை ரோட்டுக்கு எழுதியிருக்காங்க.

டெண்டரும் விடவில்லை. குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் வழக்குப் போட்டது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 2016 அக்டோபரில் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தைக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்க ஆணையத்துக்கு உரிமை இல்லை என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனா பதினஞ்சு வருசம் வசூல் நடந்த பிறகு வந்தது. உச்சநீதிமன்றம் வரை வக்கீல் வைக்க வசதியுள்ளவர்கள் போட்ட வழக்கு அது. சேரிக்கு வக்கீல் ஏது? ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள்தான் உண்டு.

சரி, அது தனியார் ரோடு. அரசாங்கக் காசில் போடுற ரோட்டுக்காவது கணக்கு உண்டா? நாடாளுமன்றம் சட்டம் போடாமல் கருவூலத்திலிருந்து காலணா எடுக்கக்கூடாதுன்னு அரசியல் சட்டம் 114ஆம் பிரிவு சொல்லுது. நடப்பு வேற. 2023 மார்ச் 23இல் மக்களவை சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு, ஒரு துறையின் மானியக் கோரிக்கையைக்கூட விவாதிக்காமல், கூச்சலுக்கு நடுவே சில நிமிசத்தில் ஒப்புதல் கொடுத்தது. நெடுஞ்சாலைத் துறையும் அதில் அடக்கம். இந்த முறைக்குக் கில்லட்டின்னு பேரு. தலையை வெட்டுற எந்திரத்தோட பேரு, பொருத்தமாத்தான் வச்சிருக்கான்.

பாரத்மாலா முதல் கட்டத்தைப் பாருங்க. 2017இல் 34,800 கிலோமீட்டருக்கு 5,35,000 கோடின்னு முடிவு பண்ணியது அமைச்சரவையின் பொருளாதாரக் குழு. நாலு சுவத்துக்குள்ள நடந்தது. கிலோமீட்டருக்கு 15.37 கோடின்னு ஒப்புதல் வாங்கி, 32.17 கோடிக்கு வேலை கொடுத்ததா 2023 ஆகஸ்டில் தணிக்கை அறிக்கை சொன்னது. துவாரகா விரைவுச் சாலையில் 18.20 கோடி 250.77 கோடியாச்சு. அது பெரும்பகுதி உயர்மட்டச் சாலை, கணக்குப் பார்த்த விதமே தப்புன்னு அமைச்சகம் மறுத்தது. மறுக்கட்டும். பத்திரிகைக்காரங்க கிட்டச் சொல்லிட்டா தீராது. பொதுக்கணக்குக் குழு முன்னால உக்காந்து அதிகாரிகள் வரிவரியாப் பதில் சொல்லணும்.

1949 மே 30இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் பேசினார்: அரசியல் சட்டத்திலேயே ஆக முக்கியமான அதிகாரி அநேகமாக இந்தத் தணிக்கையாளர்தான் என்பது அவர் கருத்து. நாடாளுமன்றம் ஒதுக்கின பணம் அதன்படி செலவாச்சான்னு பார்க்கிறவர் என்பதால். சிலைக்கு மாலை போடுற நம்ம எம்.பி.க்கள் எத்தனை பேர் அதைப் படிச்சிருக்காங்க?

இன்னொண்ணு. 2008ஆம் வருச சுங்கக் கட்டண விதிப்படி, அரசு போட்ட சாலையில் முதல் திரும்பி வந்துட்டா கட்டணம் 40 சதமாக் குறையணும். தனியார் சாலையிலும் ஒப்பந்தக் காலம் முடிஞ்சா அதேதான். 2023 அக்டோபரில் விதியைத் திருத்தி, முழுக் கட்டணமே தொடரலாம்னு ஆக்கிட்டாங்க. இந்த மாதிரி விதிகளை இரண்டு அவையிலும் 30 நாள் வைக்கணும். அதுக்குள்ள எந்த உறுப்பினரும் ரத்து செய், திருத்துன்னு தீர்மானம் கொடுக்கலாம். காகிதம் மேசையில கிடக்கும், எடுத்துப் படிக்கிற கைதான் வேணும்.

ரோட்டுக்குப் போன நிலத்தில் கூலி வேலை செஞ்சவங்க எந்தக் கணக்கிலும் இல்லை. மூணு வருசமா அந்த நிலத்தை நம்பிப் பிழைச்ச நிலமற்ற குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான்னு 2013 நில எடுப்புச் சட்டம் சொல்லுது. ஆனா அவங்களை எண்ணுகிற சமூகத் தாக்க ஆய்வு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கிற நிலத்துக்குக் கிடையாது. பட்டாதாரருக்குக் காசோலை, நடவு நட்டவளுக்கு ஒண்ணுமில்லை.

மக்களவையில் தலித்துகளுக்குத் தனித்தொகுதி 84. தமிழ்நாட்டில் 7. பரனூர் டோல்கேட் இருக்கிறதே காஞ்சிபுரம் தனித்தொகுதியில்தான். பூனா ஒப்பந்தம் நம்ம ஆளைக் கட்சிக்காரனா ஆக்கிடுச்சு, உண்மைதான். ஆனா கேள்வி கேக்கக் கொறடா அனுமதி தேவையில்லை. பதினஞ்சு நாளுக்கு முன்னால எழுதிக் கொடுத்தாப் போதும். இந்தச் சாவடியில் முதல் எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு, நிலமற்ற குடும்பம் எத்தனைன்னு எண்ணினீங்களா - இந்த மூணையும் நாமே எழுதி ஏழு பேர் கையிலும் கொடுப்போம். நட்சத்திரக் கேள்வியாவே கேக்கச் சொல்லணும். அப்பத்தான் அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், துணைக்கேள்வியும் போடலாம்.