துஷ்டி வீட்டு வாசலில் நாம்

(குற்றாலத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சற்று முன்பு, மறைந்த நம் ஆசிரியர்களுக்கும் தோழர்களுக்கும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அதை ஒட்டியே நாலு வார்த்தை பேசுகிறேன். பேர் பெற்ற ஒருவர் இறந்துபோனால் ஊரே அழுகிறது. நியாயந்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் அழுவதற்கு நாம் இடம் விடுகிறோமா?

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் இருக்கிறது கடையம். செல்லம்மாள் பிறந்த ஊர். 1897-ல் பாரதியாருக்கு வாழ்க்கைப்பட்டபோது அவர் சின்னஞ்சிறு பெண். 1918 கடைசியிலிருந்து 1920 வரை பாரதி குடும்பம் இந்தக் கடையத்தில்தான் இருந்தது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதி கண் மூடினார். கடைசிப் பயணத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். செல்லம்மாளுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்.

அந்த அம்மா உட்கார்ந்து அழ நேரம் எங்கே இருந்தது? மறு வருஷமே பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் கணவரின் பாட்டுகளை அச்சிட முனைந்தார். பாட்டுகளின் உரிமை கைமாறிக் கைமாறி, 1949-ல் சென்னை அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. பாரதி ஊர்ச் சொத்தாகிவிட்டார். ரொம்ப நல்லது. கூடவே செல்லம்மாளின் வாழ்க்கையும் ஊர்ப் பேச்சாகிவிட்டதே!

குருவிக்கு அரிசியை இறைத்த கதையை நாம் எல்லா மேடையிலும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அன்றைக்கு உலையை என்ன செய்தார் என்று அந்த அம்மாவை நினைத்தவர்கள் எத்தனை பேர்? ‘கவியின் அருமை தெரியாதவள்’ என்று எடை போட்டவர்கள்தான் அதிகம். 1951-ல் திருச்சி வானொலியில் பேசினார். ஒருகாலத்தில் பைத்தியக்காரன் மனைவி என்று தன்னைச் சொன்ன உலகமே பிறகு மகாகவி மனைவி என்று கொண்டாடுவதை அதில் அவரே குறிப்பிட்டார். கணவர் போய் முப்பது வருஷம் கழித்தும் அந்த வடு ஆறவில்லை. 1955-ல் அவரும் காலமானார்.

இது அந்தக் காலத்துச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தார். அடக்கம் முடிந்த சில நாட்களிலேயே, ஆஸ்பத்திரி பில் விஷயமாகக் கிளம்பிய வதந்திக்கு அவர் மகன் சரண் பதில் சொல்ல வேண்டி வந்தது. தகப்பனாரைப் பறிகொடுத்தவர் கணக்கு ஒப்பிக்க வேண்டுமாம்! அழுதால் ‘நடிக்கிறார்’, அழாவிட்டால் ‘கல்நெஞ்சு’. கைக்குக் கை கேமரா வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

ஆறுதல் சொல்வது எப்படி என்பதற்கும் நம் பக்கத்திலேயே ஆள் உண்டு. இதே குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. தம் மகன் தீபனை இளவயதில் பறிகொடுத்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதினார். ‘எப்படி நடந்தது? ஏன் கவனிக்கவில்லை?’ என்று துருவுகிற காரியம் இல்லை அது. நண்பருக்கு எது ஆறுதலோ அதைக் கொடுத்தார்.

நம் பெரியவர்கள் துஷ்டி வீட்டுக்குப் போனால் வாசல் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று பக்கத்து வீட்டிலிருந்து காப்பியும் சாப்பாடும் வரும். ‘போயிட்டு வாரேன்’ என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். அந்த மௌனம் நமக்கு ஏன் மறந்துபோச்சு?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் ஒருவர், அல்லது நமக்குப் பாடம் சொன்ன ஒருவர் மறைந்தால், அந்த வீட்டாரைக் கேட்காமல் படமோ கடைசி நாள் விவரமோ வெளியிட வேண்டாம். மேடைக்கு வந்து பேசும்படி வற்புறுத்த வேண்டாம். பதினாறு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மூன்றாம் மாசம் ஒருவர் போய், பென்ஷன் காகிதம் எழுத ஆள் வேண்டுமா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சா என்று கேட்டு வரட்டும்.

அதுதான் அஞ்சலி என்று நான் நினைக்கிறேன்.