எண்ணெய் ஒழுகாத எஞ்சின்



திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெரிய பணிமனை உள்ளது. பெரிய பணிமனையோ, தெருமுனை ஒர்க்‌ஷாப்போ, எஞ்சினைப் பிரித்தால் புது பேக்கிங் வேண்டும். இரண்டு பாகங்களுக்கு நடுவே இருந்து எண்ணெயைத் தடுப்பது அதுதான்.

முதலில் பழைய பேக்கிங்கைக் கீறல் விழாமல் சுரண்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். பசை தேவை என்றால் மெல்லிசாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் என்ன ஆகும்? பசை உள்ளே பிதுங்கும். பிய்ந்து போய் எண்ணெய் வழியை அடைக்கும். எண்ணெய் கிடைக்காத எஞ்சின் சூடாகி இறுகிவிடும். ஆட்டோ ஓட்டுநருக்கு அன்றைய வருமானமே போய்விடும்.

போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குங்கள். பொறுமையாகச் செய்தால் எண்ணெயும் மிச்சம். எஞ்சினும் நீண்ட நாள் உழைக்கும்.